மிலிட்டரி அரிசி தின்ற கோழிகள்

1889 ஜூலை. ஜாவா தீவின் பட்டாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. அங்கிருந்த டச்சு ராணுவ மருத்துவமனையின் ஆய்வுக்கூடக் கொட்டிலில் கோழிகள் ஒவ்வொன்றாக நடை தடுமாற ஆரம்பித்தன. முதலில் காலை அகட்டி வைத்துத் தள்ளாடி நடக்கும். சாயங்காலம் அடைவதற்குக் கழியில் ஏறப் பார்க்கும், பிடி நிற்காமல் விழும். அப்புறம் கால் மூட்டை மடித்து உட்கார்ந்தால் எழுந்திருக்காது. கடைசியில் ஒருக்களித்துப் படுத்து, கொண்டை நீலம் பாரித்து, மூச்சு மெதுவாகிச் செத்துப்போகும். அறுத்துப் பார்த்தால் கால் நரம்புகள் சிதைந்திருந்தன.

பார்த்துக்கொண்டிருந்தவர் கிறிஸ்டியான் ஐக்மான் என்ற முப்பது வயது ராணுவ மருத்துவர். பக்கத்து வார்டுகளில் மனிதர்கள் இதே மாதிரிதான் கிடந்தார்கள். கால் மரத்து, தசை வற்றி, சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கி, இதயம் நின்று. அந்த நோய்க்குப் பெயர் பெரிபெரி.

பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கும்போது அறிவியல் முறை என்று கரும்பலகையில் நாலு கட்டம் போடுவேன்: உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு. நடுவில் அம்புக்குறிகள். படம் அழகாகத்தான் இருக்கும். போட்டு முடித்த கையோடு இந்தக் கோழிக் கதையைச் சொல்லிவிடுவேன். அம்புகள் நிஜத்தில் எந்தெந்தப் பக்கமெல்லாம் திரும்பும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

கிருமி தேடிப் போனவர்கள்

அந்தக் காலத்துக் காற்றே கிருமிக் காற்று. காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவை ராபர்ட் கோக் 1882-இல் காட்டியிருந்தார். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் காலராவையும் பிடித்துவிட்டார். இனி எந்த நோயைப் பார்த்தாலும் ‘இதற்கு எந்தக் கிருமி?’ என்றுதான் கேட்கத் தோன்றும். டச்சு அரசுக்கோ பெரிபெரி பெரிய தலைவலி. சுமத்ராவின் அச்சே பகுதியில் நடந்த போரில் சிப்பாய்கள் குண்டடிபடாமலேயே படுக்கையில் விழுந்துகொண்டிருந்தார்கள். 1886-இல் பேக்கல்ஹாரிங், விங்க்லர் என்ற இரண்டு நிபுணர்களை அரசு ஜாவாவுக்கு அனுப்பியது. கோக்கிடம் பயிற்சி பெற்ற ஐக்மான் உதவியாளராகச் சேர்ந்துகொண்டார்.

அவர்கள் நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி 1887-இல் ஊர் திரும்பிவிட்டார்கள். மிச்ச வேலையை முடிக்கும் பொறுப்பு ஐக்மானுக்கு. கோழிகள் மலிவு, வைத்துப் பராமரிப்பதும் சுலபம். சிலவற்றுக்கு அந்தப் பாக்டீரியாவை ஊசியில் ஏற்றினார்; சிலவற்றைத் தொடாமல் விட்டார். தொடாமல் விட்டதுதான் ஒப்பீட்டுக் குழு. வகுப்பில் நாங்கள் ‘கன்ட்ரோல்’ என்று சொல்லியே பழகிவிட்டோம்.

ஊசி போட்ட கோழிகளுக்கு நோய் வந்தது. ஊசி போடாத கோழிகளுக்கும் வந்தது.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்திக் கேட்பேன்: இப்போது என்ன சொல்வீர்கள்? பாதிப் பேர் ‘சோதனை தோற்றுப்போச்சு சார்’ என்பார்கள். மீதிப் பேர் ‘ஒட்டிக்கிச்சு சார், பக்கத்துக் கோழிகிட்டேருந்து’ என்பார்கள். ஐக்மானும் முதலில் அப்படித்தான் நினைத்தார். தொற்று என்றால் பிரித்து வைத்தால் நிற்க வேண்டும். புதுக் கோழிகளைத் தனித்தனிக் கூண்டில் வைத்துப் பார்த்தார். அவற்றுக்கும் வந்தது. சரி, இடம் முழுக்கவே கிருமி பரவிவிட்டதோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இன்னும் பெரிய குழப்பம் ஒன்று வந்து சேர்ந்தது. நவம்பர் கடைசியில் நோய் தானாக நின்றுவிட்டது. புதிதாக எந்தக் கோழிக்கும் வரவில்லை, படுத்திருந்தவையும் தேறி எழுந்தன.

நோய் நின்றால் பொதுவாக எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம். ஐக்மானுக்கு ஆய்வே கைவிட்டுப்போனது போல ஆகிவிட்டது. என்ன மாறியது என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

சமையற்காரர் மறுத்த அரிசி

விஷயம் வெளியே வந்தது கொட்டிலைப் பார்த்துக்கொண்ட ஊழியரிடமிருந்து. சிக்கனத்துக்காக அவர் மருத்துவமனைச் சமையலறையிலிருந்து சோறு வாங்கி வந்து கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மருத்துவமனைச் சோறு என்றால் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. இடையில் சமையற்காரர் மாறினார். புதிதாக வந்தவர் கறாரான ஆள்: ராணுவத்து அரிசியைச் சிவிலியன் கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பின.

பின்னாளில் நோபல் உரையில் ஐக்மானே தேதிகளைச் சொல்லியிருக்கிறார். வெள்ளைச் சோறு போட்டது ஜூன் 17 முதல் நவம்பர் 27 வரை. நோய் தலைகாட்டியது ஜூலை 10. ஓய்ந்தது நவம்பர் கடைசி நாட்களில்.

மாணவர்களை விரல் விட்டு எண்ணச் சொல்வேன். ஜூன் 17-இலிருந்து ஜூலை 10 வரை 23 நாள். சாப்பாடு மாறிய அன்றே நோய் வரவில்லை, மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. ஆனால் சாப்பாடு திரும்பியதும் சில நாட்களிலேயே தேறிவிட்டன. வருவதற்கு வாரக்கணக்கு, போவதற்கு நாள்கணக்கு. பத்தாயத்தில் இருக்கும் நெல் தீர்வதற்கு நாளாகும். தீர்ந்த பிறகு ஒரு மூட்டை வந்து இறங்கினால் அன்றைக்கே அடுப்பு எரியும். நமக்கு இப்போது விடை தெரியும் என்பதால் இந்த உவமை சுலபமாக வருகிறது. அன்று ஐக்மானுக்கு வரவில்லை. அதுவும் இந்தக் கதையில் முக்கியம்.

ஒரு தடவை ஒரு மாணவி கேட்டாள்: ‘அந்தச் சமையற்காரர் மாறலேன்னா சார்?’ நல்ல கேள்வி. அதற்கு என் பதில்: சமையற்காரர் மாறியதை வைத்து ஐக்மான் எதையும் நிரூபித்துவிடவில்லை. ஒரு சந்தேகம் கிடைத்தது, அவ்வளவுதான். ஜூன் முதல் நவம்பர் வரை மழை, ஈரம், வெயில் என்று ஆயிரம் மாறியிருக்கும். சோறுதான் காரணமா என்று தெரிய வேண்டுமானால், மற்றதெல்லாம் அப்படியே இருக்கச் சோற்றை மட்டும் வேண்டுமென்றே மாற்றிப் பார்க்க வேண்டும்.

அதைத்தான் அடுத்த சில வருஷங்கள் செய்தார். தீட்டிய அரிசி போட்டால் மூன்று நான்கு வாரத்தில் கோழி விழுந்தது. தீட்டாத அரிசி தின்ற கோழி நன்றாக நடந்தது. வேகவைத்ததால் கெட்டதோ என்று பச்சையாகவும் போட்டுப் பார்த்தார். தீட்டியதாக இருந்தால் அதுவும் நோயைத் தந்தது. கடைசியில் தீட்டும்போது கழிந்துபோகும் தவிட்டை வெள்ளை அரிசியோடு சேர்த்துக் கொடுத்தார். நோய் வரவில்லை. விழுந்த கோழிக்குத் தவிடு கொடுத்தால் எழுந்து நடந்தது.

சரியான சோதனை, தப்பான விளக்கம்

இவ்வளவையும் பார்த்துவிட்டு ஐக்மான் என்ன சொன்னார்? மாவுச்சத்து குடலில் ஏதோ நச்சை உண்டாக்குகிறது, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றார். இதைக் கேட்டதும் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதில்லை. கையில் இருந்த விவரத்துக்கு அது நன்றாகவே பொருந்தியது. சவ்வரிசி மாவுச்சத்தைத் தின்ற கோழிக்கும் நோய் வந்தது. கறி மட்டும் தின்ற கோழிக்கு வரவில்லை. மாவுச்சத்து இருக்கும் இடத்தில் நோய், இல்லாத இடத்தில் இல்லை. நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள், நானும்தான்.

உடல்நலம் கெட்டு ஐக்மான் 1896-இல் நாடு திரும்பினார். அவர் விட்ட இடத்தில் தொடங்கியவர் கெரிட் கிரைன்ஸ். அவர் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அது ஒரு கருதுகோளை வெட்டுவதற்கென்றே தீட்டிய கத்தி. கறியை எடுத்து 120 டிகிரி சூட்டில் அழுத்தத்தில் வேகவைத்தார். அதை மட்டும் கோழிக்குக் கொடுத்தார். மாவுச்சத்து துளியும் கிடையாது. கோழிக்கு நோய் வந்தது.

முடிந்தது. மாவுச்சத்தே இல்லாமல் நோய் வருகிறது என்றால் மாவுச்சத்து நச்சு என்ற கதை நிற்காது. அதோடு பச்சைப்பயறு சேர்த்தால் நோய் தடுக்கப்படுவதையும் அவர் காட்டினார். உணவில் சில பொருட்கள் இருக்கின்றன, அவை இல்லாவிட்டால் நரம்புகள் கெடும் என்று 1901-இல் எழுதினார். உணவில் இருக்கும் ஒன்றால் வருவது அல்ல நோய், இல்லாத ஒன்றால் வருவது. இதை இன்று சொல்வது சுலபம். ‘எது உள்ளே புகுந்தது?’ என்று மட்டுமே கேட்டுப் பழகிய காலத்தில், ‘எது வராமல் போனது?’ என்று திருப்பிக் கேட்பதற்கு ஒரு தலைமுறையே ஆனது. இல்லாததை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்க்க முடியாதே.

ஐக்மான் சொன்னது முழுக்க வீண் என்றும் இல்லை. இன்று தயமின் என்று சொல்லும் வைட்டமின் பி1, உடம்பு மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக்குவதற்குத் தேவை. குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகும்; அதற்கு அடுத்த படியில் தயமின் இல்லாவிட்டால் வண்டி நின்றுவிடும். முக்கியமாகக் குளுக்கோஸை நம்பி வாழும் நரம்பும் ஓயாமல் உழைக்கும் இதயமும் முதல் அடியை வாங்கும். மாவுச்சத்து எவ்வளவு அதிகமோ அவ்வளவு தயமின் வேண்டும். ஆக, மாவுச்சத்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அவர் கண்டது நிஜம், அது என்ன சம்பந்தம் என்பதில்தான் கோட்டை விட்டார். மனித உடம்பில் தயமினின் கையிருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான்; வரத்து நின்றால் சில வாரங்களில் கரைந்துவிடும்.

கோழி சரி, மனிதன்?

ஐரோப்பாவில் பலர் இதைத்தான் கேட்டார்கள். கேட்டது நியாயமும்கூட. கோழியின் கால் விழுந்ததற்கும் சிப்பாயின் கால் விழுந்ததற்கும் ஒரே காரணம் என்று எப்படிச் சொல்வது?

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஐக்மான் இதை அடால்ஃப் ஃபோர்டர்மானிடம் பேசினார். ஜாவாவின் குடிமக்கள் மருத்துவத் துறை ஆய்வாளர் அவர். சிறைச்சாலைகள் அவர் பார்வைக்குள் வந்தன. ஜாவாவில் ஒவ்வொரு வட்டாரத்திலும் நெல் குத்தும் வழக்கம் வேறு. சில சிறைகளில் தவிடு ஒட்டிய அரிசி, சிலவற்றில் வெள்ளை அரிசி, சிலவற்றில் கலப்பு. யாரும் திட்டமிடாமலேயே ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 101 சிறைகள், கிட்டத்தட்ட 2,80,000 கைதிகள். 1897-இல் வந்த கணக்கு இது: தவிட்டரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றில்தான் பெரிபெரி. கலப்பு அரிசியின் 13-இல் 6. வெள்ளை அரிசியின் 51-இல் 36. ஆட்கணக்கில் பார்த்தால் தவிட்டரிசிச் சிறைகளில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர், கலப்பில் 416 பேருக்கு ஒருவர், வெள்ளை அரிசியில் 39 பேருக்கு ஒருவர்.

நடுவில் இருக்கும் கலப்பரிசிதான் என்னை ஈர்க்கும். தவிடு குறையக் குறைய நோய் ஏறுகிறது, படிப்படியாக. எதேச்சையாக இப்படி வரிசை கட்டி நிற்பது கஷ்டம். கட்டடம் பழசா புதுசா, தரை எப்படி, காற்றோட்டம் உண்டா, நெரிசல் எவ்வளவு, கடல் மட்டத்திலிருந்து உயரம் என்ன என்று மற்றதையும் ஃபோர்டர்மான் பார்த்தார். எதுவும் அரிசி அளவுக்கு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் எந்தச் சிறைக்கு எந்த அரிசி என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. அதனால் இது கணக்கெடுப்புதான், சோதனை அல்ல. இந்த வித்தியாசத்தை மாணவர்கள் தேர்வில் எழுதிவிடுவார்கள். செய்தித்தாளைப் படிக்கும்போது மறந்துவிடுவார்கள்.

புழுங்கல் அரிசிக்காரர்கள்

இங்கேதான் கதை நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. பிரிட்டிஷ் மலாயாவின் தோட்டங்களிலும் சாலை, ரயில் வேலைகளிலும் தமிழர்கள் ஏராளம். ஈயச் சுரங்கங்களில் சீனர்கள். சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போனது. தமிழர்கள் பக்கம் அது அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. கிராமத்து மலாய்க்காரர்கள் பக்கமும் இல்லை. லெனர்ட் பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, மூன்று கூட்டத்தாரும் தின்னும் அரிசியைப் பார்த்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் வீட்டில் குத்திய அரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல்.

நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, அதன் பிறகு உமி நீக்குவது புழுங்கல். உமிக்கு அடியில் தவிட்டு அடுக்கிலும் முளையிலும் இருக்கும் தயமின் தண்ணீரில் கரையும். ஊறி அவியும்போது உள்ளே பருக்கைக்குள் இறங்கிவிடும். பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் கணிசமான பங்கு தங்கிவிடும். நம் பாட்டிமார் இதைத் தெரிந்துகொண்டா அவித்தார்கள் என்று சிலர் ஆரம்பிப்பார்கள். வேண்டாம். புழுங்கல் அரிசி உடையாமல் வரும், பூச்சி அவ்வளவு அரிக்காது, சோறு ஒட்டாது. அவிப்பதற்கு அந்தக் காரணங்களே போதும். வைட்டமின் கூடவே வந்த கொசுறு. கொசுறு என்பதால் அதன் மதிப்பு குறையாது. ஆனால் பாட்டிக்கு உயிர்வேதியியல் பட்டம் கொடுக்கவும் வேண்டாம்.

பிராடன் அரிசியைச் சரியாகப் பிடித்தார், காரணத்தில் மறுபடியும் நச்சுக்கே போனார்: பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்றார்.

கோலாலம்பூர் மனநல விடுதியில் 1905-இல் பெரிபெரி கடுமையாகத் தாக்கியிருந்தது. அங்கே வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்கள் ஒரு வார்டுக்கு. வழக்கமான சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்கள் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த, அச்சாக அதே மாதிரியான வார்டுக்கு, இந்தியப் புழுங்கல். மற்ற சாப்பாடு எல்லாம் ஒன்றே. 1906 முடியும்போது பச்சரிசி தின்ற 120 பேரில் 34 பேருக்கு நோய் வந்திருந்தது, 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் தின்ற 123 பேரில் இரண்டே பேர். அவர்கள் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். சாவு இல்லை.

ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்த அந்த ஒரு செயலில் ஃபோர்டர்மானின் கணக்கெடுப்பில் இருந்த ஓட்டை அடைபட்டது. யாருக்கு எந்த அரிசி என்பதைப் பழக்கமோ இனமோ வட்டாரமோ தீர்மானிக்கவில்லை, வரிசையில் நின்ற இடம் தீர்மானித்தது. சோதனை அமைப்பு என்ற வகையில் நேர்த்தி. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களிடம் சம்மதம் கேட்கும் நிலையும் இல்லை, கேட்கும் வழக்கமும் அன்று இல்லை. ஒற்றைப்படை எண் விழுந்ததால் பதினெட்டுப் பேர் போனார்கள். ‘நேர்த்தி’ என்ற சொல்லை வகுப்பில் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. ஃப்ளெட்சர் கணக்கு, பச்சரிசியில் நஞ்சு இருக்கிறது என்பதற்கும் பொருந்தும், புழுங்கலில் ஏதோ சத்து இருக்கிறது என்பதற்கும் பொருந்தும். எப்படிப் பிரிப்பது? இதை வீட்டுப் பாடமாகக் கொடுப்பேன். பெரும்பாலும் யாராவது ஒருவர் சரியாகக் கண்டுபிடித்து வருவார்: அதே வெள்ளை அரிசியை மாற்றாமல் கொடுத்து, தவிட்டை மட்டும் மேலே சேர்க்க வேண்டும். நஞ்சு காரணமென்றால் அரிசியோடு நஞ்சும் உள்ளேதான் போகும்.

மலாயாவில் ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போனார்கள். நெகிரி செம்பிலானில் சாலை போட வந்திருந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களிடம் பச்சரிசி, புழுங்கல் ஒப்பீட்டைத் திரும்பச் செய்தார்கள், அதே விடை. பிறகு கோழிகளுக்கு வெள்ளை அரிசியோடு தீட்டல் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கோழிகள் நலமாக இருந்தன. தீட்டும்போது போகும் ஏதோ ஒன்றின் குறைவுதான் காரணம் என்று எழுதினார்கள். லண்டனில் கசிமிர் ஃபங்க் 1912-இல் இந்த மாதிரிப் பொருட்களுக்கு ‘வைட்டமின்’ என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டார்.

1929-இல் ஐக்மானுக்கு நோபல் பரிசு, ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய உயிர்வேதியியலாளருடன் சேர்த்து. கிரைன்ஸுக்கு இல்லை. இதைச் சொன்னதும் வகுப்பில் எப்போதும் ஒரு சலசலப்பு எழும், நான் அடக்குவதில்லை.

பரிசுக்கு மூன்று வருஷம் முன்பு, 1926-இல், அதே பட்டாவியாவில் யான்சன், டோனாத் என்ற இருவர் மலைமலையாகத் தவிட்டை வடித்து, கடைசியில் கையளவு கூடத் தேறாத வெள்ளைப் படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதில் கொஞ்சத்தை நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருந்த ஐக்மானுக்கு அனுப்பினார்கள். அறுபதைத் தாண்டிவிட்ட மனிதர், மறுபடியும் பறவைகளுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டு, அதில் அந்தப் படிகத்தைத் துளித்துளியாகச் சேர்த்துப் பார்த்தார். பறவைகள் நேராக நடந்தன. இந்தத் தடவை அரிசி எந்தச் சமையலறையிலிருந்து வந்தது என்று அவர் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.